810 கோடி தடவை கேட்கணுமா?

நேத்து ராத்திரி 11 மணிக்கு ரன் போட்டுட்டுப் படுத்தேன். 1 மணிக்கு எழுந்து பார்த்தா அதே வரியில நிக்குது. சமன்பாடுகளைத் தீர்க்கிற இடத்துல நின்னிருந்தா பொறுத்துக்குவேன், அது நெஜமாவே கஷ்டமான வேலை. இது நின்னது, பெரிய அணியிலிருந்து (மேட்ரிக்ஸ், எண்களைக் கட்டம் கட்டமா அடுக்கின அட்டவணை) ஒரு துணை அணியை வெட்டி எடுக்கிற வரியில. வயிறு எரியுது.

நான் பண்றது வெப்பம் பரவுற கணக்கு. ஒரு உலோகப் பாகத்தை 1 லட்சம் புள்ளியாப் பிரிச்சு ஃபைனைட் எலிமென்ட் முறையில, அதாவது சின்னச் சின்னத் துண்டா வெச்சு, கணக்குப் போடுறேன். அப்போ அணி 1 லட்சத்துக்கு 1 லட்சம். ஆனா ஒரு புள்ளிக்குத் தன் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோட மட்டும்தான் சம்பந்தம், நிரைக்கு 15 எண் தேறினா அதிகம். மீதி மொத்தமும் பூஜ்யம். பூஜ்யத்தையும் சேர்த்து வெச்சா 80 ஜிபி வேணும். ஸ்பார்ஸா, அதாவது பூஜ்யமல்லாத எண்ணை மட்டும் அதோட இடத்தைக் குறிச்சு வெச்சா, 15 லட்சம் எண், 20 எம்பிகூட வராது.

இதுல ஓரத்துல இருக்கிற 10,000 புள்ளியோட வெப்பநிலை முன்னாடியே தெரியும். அந்த நிரையையும் நிரலையும் தள்ளிட்டு, மிச்சம் 90,000க்கு 90,000 அணியை எடுக்கணும். இந்தத் துறையில இருக்கிறவங்க தினமும் பண்ற வேலை இது.

நான் ஓட்டுற மென்பொருளோட சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு கட்டமாப் போய், "உன்கிட்ட எண் இருக்கா?"ன்னு கேட்குது. 90,000க்கு 90,000, அதாவது 810 கோடி தடவை! ஒரு தடவைக்கு 1 மைக்ரோவினாடின்னு வெச்சாலே இரண்டே கால் மணி நேரம். சாதாரண அணிக்கு எழுதின கோடை அப்படியே ஸ்பார்ஸுக்கும் விட்டுட்டாங்க. சேமிக்கிறது மட்டும் ஸ்பார்ஸ், தேடுறது பழைய முறை. என்ன நியாயம் இது?

பூஜ்யமல்லாத எண்களை மட்டும் நடந்து கடக்கிற வழியை கஸ்டவ்ஸன்ங்கிற ஆய்வாளர் 1978லேயே எழுதி வெச்சுட்டார். அவர் எழுதினது பெருக்கலுக்கும் நிரை-நிரல் மாத்தி அடுக்குறதுக்கும்தான், ஆனா இங்கேயும் அதே எண்ணம் போதும். 1 லட்சம் நீளத்துல ஒரு பட்டியல் போடு. பழைய நிரல் எண்ணுக்கு எதிரே புது எண்ணை எழுது, தள்ளினதுக்கு -1. அப்புறம் வேணுங்கிற நிரைகள்ல இருக்கிற எண்களை மட்டும் ஒரு சுத்து பாரு. -1 வந்தா விடு, இல்லேன்னா புது எண்ணோட எழுது. வரிசை மாறலேன்னா கடைசியில அடுக்கவும் வேண்டாம். 15 லட்சம் படி கூட ஆகாது, அவ்வளவுதான். நானே சி மொழியில 20 வரியில எழுதினேன், ஒரு வினாடிக்குள்ள முடிஞ்சது.

சரி, வேகமா எழுத நேரமில்லைன்னே வெச்சுக்குவோம். மெதுவா ஓடும்னு எச்சரிக்கவாவது வேண்டாமா? சி.எஸ்.ஆர் வடிவ அணியில (நிரை நிரையா நெருக்கி அடுக்கின ஸ்பார்ஸ் அணி) புதுசா ஒரு எண்ணைச் சொருகினா, சைபைங்கிற பைதான் நூலகம் உடனே எச்சரிக்கை கொடுக்கும், இது செலவான வேலை, சொருக வசதியான லில் வடிவத்துக்குப் போன்னு. இங்கே கையேட்டுலகூட ஒரு வரி கிடையாது.

அதனால என்ன ஆச்சு தெரியுமா? லேப்ல என் ஜூனியர் ஒருத்தி இதே மென்பொருள்லதான் வேலை பார்க்கிறா. ஓட மாட்டேங்குதுன்னு மெஷ்ஷை (புள்ளிகளோட வலையை) 10,000 புள்ளிக்குக் குறைச்சுக்கிட்டா. விளிம்புல விடை சரியா வரலை, தன் சமன்பாடுதான் தப்புன்னு மூணு மாசமா அதையே திருப்பித் திருப்பி எழுதிட்டு இருந்திருக்கா. இன்னிக்குக் காலைல அந்த 20 வரியை அவளுக்கு அனுப்பினேன். 1 லட்சம் புள்ளியில ஓட்டிப் பார்த்துட்டு, "அண்ணா, என் சமன்பாடு முதல்லேர்ந்தே சரிதான்"னு சொன்னா.