இரண்டு முட்டை, மூன்று பிள்ளைகள்

'ரிப்ளை 1988' என்ற தென்கொரியத் தொலைக்காட்சித் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். இருபது பாகங்கள். இந்தத் தொடர் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் கதாநாயகி தொக்-சன் யாரைக் கட்டியிருக்க வேண்டும், சந்தில் கூடவே வளர்ந்த நண்பர்களில் ஜங்-ஹ்வானையா தேக்கையா என்றுதான் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டையில் எனக்கு ஒட்டவே இல்லை. என் மனம் முதல் பாகத்தில் வரும் பொரித்த முட்டையிலேயே நின்றுவிட்டது.

சியோலின் வடக்குப் பக்கம், சங்முன்-தோங் என்ற இடத்தில் ஒரு சந்து. அங்கே ஒரு வீட்டில் இரண்டு முட்டைதான் இருக்கிறது, பிள்ளைகள் மூன்று. ஒன்று மூத்தவள் போராவுக்கு, அவள் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். இன்னொன்று கடைக்குட்டிப் பையன் நோவுலுக்கு. நடுவில் பிறந்த தொக்-சனுக்கு இல்லை. கோழி வாங்கினாலும் கால் இரண்டும் அவர்களுக்குத்தான். அவள் பிறந்தநாள் அக்காவின் பிறந்தநாளுக்குச் சில நாள் தள்ளி வருகிறது. தனியாக இன்னொரு கேக் எதற்கு? அக்காவின் கேக்கிலேயே மெழுகுவத்தியைக் குறைத்து மறுபடி ஏற்றிவிடுவார்கள். ஒருநாள் அவள் வெடித்துவிடுகிறாள். எனக்கும் முட்டை பிடிக்கும், எனக்கும் கோழிக்கால் தின்னத் தெரியும் என்று அழுகிறாள். பெயரைக்கூட விடவில்லை. அக்காவுக்கும் தம்பிக்கும் அழகான பெயர் வைத்துவிட்டு எனக்கு மட்டும் ஏன் இந்தப் பழங்காலத்துப் பெயர் என்று கேட்கிறாள்.

அந்த வீடு பன்ஜிஹா. பாதி தரைக்கு மேலே, பாதி தரைக்குக் கீழே. வடகொரியா தாக்கினால் பதுங்க இடம் வேண்டும் என்று 1970-இல் வந்த கட்டடச் சட்டம் வீடுகளுக்கு அடியில் நிலவறை கட்ட வைத்தது. அப்புறம் சியோலில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் தவித்தபோது அந்த நிலவறைகளில் குடித்தனம் ஏறியது. 2022 ஆகஸ்ட் மழையில் சியோலின் சில்லிம் பகுதியில் இப்படி ஒரு வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இறந்துபோனார்கள். தொடரில் அந்த வீடு எவ்வளவோ கதகதப்பாகத் தெரிகிறது. ஆனாலும் அது எப்படிப்பட்ட வீடு என்பதை மறந்துவிட்டுப் பார்க்க என்னால் முடியவில்லை.

தொக்-சனின் அப்பா வங்கி ஊழியர். வங்கி வேலையில் இருப்பவர் குடும்பம் இப்படிக் கிடக்க வேண்டியதே இல்லை. அவர் வேறொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டார், கடன் இவர் தலையில் விழுந்துவிட்டது. அதே வீட்டின் மேல்தளத்தில் இருப்பது ஜங்-ஹ்வான் குடும்பம். அவர்களுக்கு ஒலிம்பிக் லாட்டரி விழுந்தது. ஒரு கையெழுத்தில் ஒரு வீடு கீழே போகிறது, ஒரு சீட்டில் இன்னொரு வீடு மேலே போகிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே சில படிக்கட்டுகள்தான்.

மூன்றாவது பாகம்தான் இந்தத் தொடரின் உச்சம் என்பேன். 1988 அக்டோபரில் வேறு சிறைக்கு மாற்றும் வழியில் தப்பிய கைதிகள் ஒரு வீட்டுக்குள் புகுந்துகொண்டு, பணம் இருந்தால் நிரபராதி, இல்லாவிட்டால் குற்றவாளி என்று கத்தியது நிஜமாக நடந்த விஷயம். அந்தப் பாகத்தின் தலைப்பே அந்த வாசகம்தான். அதே பாகத்தில் தொக்-சன் பள்ளியிலிருந்து கியோங்ஜு சுற்றுலா போக வேண்டும், கையில் காசில்லை. அவள் அம்மா இல்-ஹ்வா மேல்வீட்டு மிரானிடம் கடன் கேட்கப் போகிறாள். என்னென்னவோ பேசுகிறாள், கேட்க மட்டும் வாய் வரவில்லை, திரும்பி வந்துவிடுகிறாள். பிறகு மிரான் கூடையில் சோளம் கொண்டுவந்து கொடுக்கிறாள். அடியில் பணம் வைத்த உறை. கொடுப்பவளுக்கும் வாங்குபவளுக்கும் தலை குனியாமல் ஒரு உதவி. ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது.

சரி, முட்டைக்கு வருகிறேன். தொக்-சன் அழுத பிறகு அப்பா தனியாக ஒரு கேக் வாங்கிவந்து, ராத்திரி சந்தில் அவளை உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கிறார். தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லை, தனக்கும் இதுதான் முதல் தடவை என்கிறார். அருமையான காட்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் தெரியாமல் செய்ததாக மட்டும் அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. முட்டை இரண்டாகிப் போனதற்குக் காரணம் கடன். அந்த இரண்டும் யாருக்கு என்று முடிவு செய்தது குடும்பம். படிக்கிற பெண்ணுக்கு ஒன்று, ஆண்பிள்ளைக்கு ஒன்று. நடுவில் இருப்பவள் கேட்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் நடந்த பங்கீடு அது. போராவைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை, அந்த வீட்டின் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வளர்ந்தவள் அவளும்தான்.

நானும் நடுப்பிள்ளை. என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் "எதுவானாலும் சரி" என்றுதான் முதலில் வாயில் வருகிறது. அதனால்தான் பின்னால் வரும் ஒரு சின்னக் காட்சி என்னை அப்படி உலுக்கியது. தொக்-சன் முதலில் அதே சந்து நண்பன் சன்வூ தன்னை விரும்புவதாக நினைக்கிறாள், அது இல்லை என்றாகிறது. அப்புறம் ஜங்-ஹ்வான். அதுவும் கைகூடாமல் போகிறது. என்னை ஏன் யாருக்கும் பிடிக்கவில்லை என்று நண்பன் தோங்-ரியோங்கிடம் அழுகிறாள். அவன் திருப்பிக் கேட்கிறான்: அவர்களுக்கு உன்னைப் பிடிக்கிறதா என்பது இருக்கட்டும், உனக்கு யாரைப் பிடிக்கிறது? அவள் அப்படியே நின்றுவிடுகிறாள். அதுவரை அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. சியோல் ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் நாட்டின் பெயர்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு நடக்க மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவள், கடைசி நேரத்தில் அந்த நாடு வரவில்லை என்றதும் உகாண்டா பலகையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள். கிடைத்ததை வாங்கிக்கொள்வது அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

இதில்தான் தொடர் மேல் எனக்குக் கோபம். பள்ளியில் 999-ஆவது இடத்தில் இருந்த பெண், கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்ற பெண், கதை 1994-க்குத் தாவும்போது விமானப் பணிப்பெண்ணாக வந்து நிற்கிறாள். நடுவில் என்ன நடந்தது? கணவன் யார் என்ற புதிருக்கு எத்தனை பாகங்கள் செலவழித்தார்கள்! தனக்கு என்ன வேண்டும் என்று ஒரு பெண் கண்டுபிடிக்கும் வருடங்களுக்கு அதில் கால்வாசி கொடுத்திருக்கக் கூடாதா? அவள் நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய காலையைப் பார்க்க எனக்கு ஆசை. அந்தத் தாழ்ந்த சமையலறையில் இல்-ஹ்வா அடுப்பைப் பற்றவைத்து, முதல் முட்டையைத் தொக்-சன் தட்டில் வைத்தாளா என்று பார்த்திருப்பேன்.