அடிவருடி: யாருடைய அடி?

மாற்றுக் கட்சிக்காரர் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பாராட்டி எழுதினால் போதும், பத்தாவது நிமிடத்தில் 'அடிவருடி' என்று வந்து விழுகிறது. கடலூர், புதுச்சேரி அரசியல் பேசும் பக்கங்களில் தினமும் பார்க்கிறோம். இவ்வளவு கூர்மையான சொல்லை இப்படி மழுங்கடிக்க வேண்டாம்.

அடி என்றால் பாதம். வருடுதல், மெல்லத் தடவுதல். கடைசி 'இ' செய்பவரையோ செய்யும் பொருளையோ குறிக்கும் விகுதி. பூச்சிக்கொல்லி, ஒளிவருடி எல்லாம் அப்படி வந்தவைதான். அழுத்தினால் அது வருடல் ஆகாது. காலுக்குரியவருக்கு இதமாக இருக்கும் அளவுக்கு மட்டுமே கை படும். அந்த இதம்தான் சொல்லின் உயிர்: தலைவருக்கு வலிக்கிற ஒரு வார்த்தை வாயில் வராது, பதிலுக்கு ஏதோ ஓர் ஆதாயம் எதிர்பார்க்கப்படும். ஃபிளெக்ஸ் பேனரின் அடிவரிசையில் ஸ்டாம்பு அளவு முகமாக இருப்பவர் எல்லாம் அடிவருடி இல்லை. கூட்டத்தில் எழுந்து 'இந்த முடிவு தப்புண்ணே' என்று அதே தலைவரிடம் சொல்பவரும் அந்த வரிசையில் இருப்பார். அவர் தொண்டர்.

மற்ற சொற்களையும் போட்டுக் குழப்புகிறார்கள். கைக்கூலி என்றால் காசு வாங்கியிருக்க வேண்டும். ஜால்ரா, ஒருவர் பாடப் பாடத் தட்டுபவர். எடுபிடி, சொன்னதை எடுத்துக் கொடுத்து ஓடியாடும் ஆள். அது பிழைப்பு, அதில் இழிவே இல்லை.

'அடி' என்று வந்தாலே இழிவு என்பதும் தவறு. பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகையில் 'ஏற்றாய் அடிக்கே இரவும் பகலும் பிரியாது வணங்குவன்' என்று பாடியவர் அப்பர். பல்லவ மன்னன் ஆளனுப்பிக் கூப்பிட்டபோது 'நாமார்க்கும் குடியல்லோம்' என்று மறுத்தவரும் அவரேதான். கல்லோடு கட்டிக் கடலில் போடப்பட்டு அவர் கரையேறியதாகச் சொல்லும் ஊர் நம் கடலூரின் திருப்பாதிரிப்புலியூர். அடியார் அதிகாரத்துக்கு வளையவில்லை. அடிவருடிக்கு அதிகாரம் இருக்கும் இடம்தான் அடி. ஆட்சி மாறினால் கால் மாறும், கை அதேதான்.

எழுதும்போது சேர்த்தே எழுதுங்கள். பிரித்தால் 'வருடி' வினையெச்சமாகிவிடும்: 'அடி வருடிப் பிழைத்தான்', இங்கே ப் மிகும். 'அந்த அடிவருடி பிழைத்தான்' என்றால் எழுவாய், ப் வராது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே வடிவம். குணத்தைச் சொல்ல அடிவருடித்தனம். யாருடைய அடி என்பதையும் கூடவே எழுதுங்கள். அந்தப் பெயரை உங்களால் எழுத முடியவில்லையென்றால், அந்த இடத்தில் 'ஆதரவாளர்' என்று போடுங்கள்.