பொய்க்குத்தான் டிக்கெட் விற்கிறது

பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைதிகளை நாடு கடத்திய கப்பல்களில் இன்று மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. நியூசிலாந்தின் பிக்டன் ஊரில் கிடக்கும் 'எட்வின் ஃபாக்ஸ்'. பாய்மரமெல்லாம் போய் வெறும் உடல்கூடுதான் இருக்கிறது. இதைப் பற்றி எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

ஆனால் கைதிக் கப்பல் என்று காட்டப்பட்ட 'சக்சஸ்' என்ற கப்பலைப் பார்க்க ஒரு காலத்தில் துறைமுகம் துறைமுகமாக டிக்கெட் வாங்கி நின்றார்கள். 1840இல் பர்மாவில் கட்டிய வணிகக் கப்பல் அது. கைதிகளைக் கடல் கடத்தியதே கிடையாது. தங்க வேட்டைக் காலத்தில், 1852இல் மெல்போர்ன் வந்தபோது மாலுமிகள் தங்கம் தேடி ஓடிவிட்டார்கள். சிறைகள் நிரம்பி வழிந்த அரசு அதை வாங்கி மிதக்கும் சிறையாக்கியது. அங்கே நடந்த கொடுமை நிஜம். இப்படிப்பட்ட மிதக்கும் சிறைகளை நிர்வகித்த ஜான் பிரைஸை 1857இல் கைதிகளே அடித்துக் கொன்றார்கள்.

இதைச் சொன்னாலே ஜனம் வந்திருக்கும். 1890இல் காட்சிக்கு வைக்க வாங்கியவர்களுக்கு அது போதவில்லை. கப்பலுக்கு ஐம்பது வயதைக் கூட்டி 1790 என்றார்கள். மெழுகு பொம்மைகளை நிறுத்தி, ஆஸ்திரேலியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஆணி வைத்த 'இரும்புக் கன்னி' என்ற சித்திரவதைப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தார்கள். இங்கிலாந்து, 1912இல் அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போனது. 1946இல் ஈரி ஏரியில் எரிந்து முடிந்தது.

நிஜக் கைதிக் கப்பலான 'எட்வின் ஃபாக்ஸ்' கதையில் இந்த மசாலா இல்லை. 1853இல் ஹூக்ளிக் கரையில், கல்கத்தாவை ஒட்டிய சல்கியாவில் தேக்கில் கட்டியது. கிரிமியப் போருக்குச் சிப்பாய்களைச் சுமந்தது. 1858இல் 280 கைதிகளை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டிலில் இறக்கியது. கைதிக் கதை அந்த ஒரே பயணம்தான். பிறகு நியூசிலாந்துக்குக் குடியேறிகள். நீராவிக் கப்பல்கள் பிழைப்பைப் பறித்ததும் ஆட்டிறைச்சியை உறைய வைக்கும் கிடங்கு, அப்புறம் நிலக்கரிக் கிடங்கு. 1965இல் விலை ஒரு ஷில்லிங்!

எனக்கு இந்தச் சலிப்பூட்டும் பட்டியல்தான் பிடித்திருக்கிறது. பேரரசுக்கு சிப்பாய், கைதி, குடியேறி, ஆட்டுத்தொடை எல்லாமே ஒரே சரக்குதான் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சித்திரவதைப் பெட்டி காட்டும்?

புதுப் பாய்மரம் நட்டு மினுக்காமல் மிச்சத்தை மிச்சமாகவே கூரைக்கடியில் உலரவைத்துக் காப்பாற்றுகிறார்கள். சிலருக்கு அது ஏமாற்றமாம். நான் பிக்டன்காரர்கள் பக்கம்.