ஸ்லாட்டின் நீளத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் கார்ட் செருகுகிற நீளமான ஸ்லாட் இரண்டு உள்ள மதர்போர்ட் எதுவானாலும் இரண்டு கார்ட் போடலாம் என்று சிலர் எழுதுகிறார்கள். செருகலாம்தான், ஆனால் ஏஎம்டி பிராசஸருக்கான விலை குறைந்த பி450 போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட் பெரும்பாலும் எக்ஸ்4 வேகம்தான் (தரவு போகிற பாதை, அதாவது லேன், நாலு; முழு ஸ்லாட்டில் 16), அதுவும் பிராசஸரோடு நேராக இல்லாமல் போர்டில் உள்ள சிப்செட் என்ற சில்லு வழியாக. கடையில் போன் டோர்ச்சை அந்த ஸ்லாட்டுக்குள் அடித்துப் பாருங்கள்: பல போர்டுகளில் தங்க நிறப் பின்கள் கொஞ்சத் தூரத்தோடு நின்றுவிடும், மிச்சம் வெறும் பிளாஸ்டிக். பிராசஸரின் 16 லேனை இரண்டு கார்டுக்கும் எக்ஸ்8/எக்ஸ்8 என்று பிரிப்பது வேண்டுமென்றால் பழைய எக்ஸ்370, எக்ஸ்470 போர்டைத் தேடுங்கள். அப்புறம் அதில் ரைசன் 5 3400ஜி மாதிரி, கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிற பிராசஸரைப் போட்டுவிடாதீர்கள், கிராபிக்ஸ் கார்டுக்கு அது தருவதே 8 லேன்தான்.

கேம் விளையாடத்தான் என்றால் ஒரே நல்ல கார்டாக வாங்குங்கள். இரண்டு கார்டைச் சேர்த்து கேம் ஓட்டுகிற எஸ்எல்ஐக்குப் புதிய டிரைவர் புரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் தேவையான அமைப்பு) கொடுப்பதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. கிளிநொச்சிப் பக்கம் கலியாண வீடியோவுக்கு பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் டைட்டில் செய்கிற தம்பிமாருக்கு விஷயம் வேறு. அங்கே எஸ்எல்ஐ தேவையில்லை, எக்ஸ்4 ஸ்லாட்டிலும் இரண்டாவது கார்ட் உழைக்கும். ஆனால் கார்டுகளின் மெமரி 8 ஜிபியும் 8 ஜிபியும் சேர்ந்து 16 ஆகாது.

இன்னொன்று, இடைவெளி. சித்திரை வெயிலில், ஏசி இல்லாத தகரக் கூரைக் கடையில் இரண்டு கார்டும் ஒட்டிக்கொண்டு இருந்தால் மேல் கார்டுக்கு மூச்சு முட்டும். நடுவில் ஒரு ஸ்லாட்டாவது காலியாக விழுகிற போர்டாகப் பாருங்கள். மிச்சம் பிடிக்கிற காசை பவர் சப்ளையில் போடுங்கள்.