கம்பி அப்பா

(மதுரை, செல்லூர். ஓய்வுபெற்ற டவுன் பஸ் கண்டக்டரும், குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவியும். மகன் பெங்களூருக்கு பஸ் ஏறிய மறுநாள் காலை.)

மனைவி: மாட்டுத்தாவணியில் அத்தனை பேர் முன்னால் பிள்ளை ஆசையாகக் கட்டிப்பிடித்தான். நீங்க சட்டைப்பையைப் பொத்திக்கிட்டு நிக்கிறீங்க!

கணவர்: சர்வீஸ் பழக்கம்மா. யாராவது மேலே சாய்ந்தால் கை தானாகக் காசுக்குப் போய்விடுகிறது.

மனைவி: “உள்ளே தள்ளி நில்லுப்பா”ன்னு வேற சொன்னீங்க.

கணவர்: பாசம் இல்லாமலா? பையைத் தூக்கிக் கொடுத்தேன். சீட்டைத் தட்டிப் பார்த்தேன். பஸ் கிளம்பும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மனைவி: பை, சீட்டு, கம்பி. பிள்ளையைத் தவிர எல்லாத்தையும் தொட்டாச்சு.

கணவர்: எங்க அய்யா என்னைத் தொட்டது ரெண்டே விஷயத்துக்கு. காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் அடிக்க. காய்ச்சல் என்று பொய் சொன்ன அன்றைக்கு ரெண்டும் அடுத்தடுத்து நடக்கும்.

மனைவி: அமெரிக்காவில் ஹார்லோ என்று ஒரு ஆராய்ச்சிக்காரர். 1950களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, பொம்மைத் தாய் ரெண்டு வைத்தார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி. இன்னொன்று துணி சுற்றியது, பால் கிடையாது. குட்டி எதுகிட்ட இருந்திருக்கும்?

கணவர்: பால் எங்கேயோ அங்கே.

மனைவி: பசித்தால் மட்டும் கம்பி. குடித்ததும் ஓடிப்போய்த் துணியை ஒட்டிக்கொள்ளும். பயந்தாலும் துணிதான்.

கணவர்: (சற்று யோசித்து) காலேஜ் ஃபீஸ் கட்டியது நான். ரசீதை வாங்கிக்கொண்டு உன் மடியில் வந்து படுத்தான். அப்போ நான்...

மனைவி: நான் ஒண்ணும் சொல்லலை.

கணவர்: கம்பி அப்பா!

மனைவி: உங்க பிள்ளை அப்படியில்லை. பேரன் குறைமாசத்தில் பிறந்தப்போ எப்படி வைத்திருந்தான்?

கணவர்: ஏசி ரூமில் வெற்று உடம்போடு உட்கார்ந்திருந்தான். சளி பிடிக்குமே என்று துண்டை நீட்டினேன்.

மனைவி: மானத்தை வாங்கினீங்க. அது கங்காரு முறை. 1978இல் கொலம்பியாவில் இன்குபேட்டருக்குத் தட்டுப்பாடு. ஒரே பெட்டியில் ரெண்டு மூணு குழந்தை.

கணவர்: ரெண்டு பேர் சீட்டில் மூணு பேர்!

மனைவி: அதனால் குழந்தையைத் தாயின் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக் கட்டினார்கள். சூடு குறையவில்லை. இப்போ எங்க வார்டிலும் அதுதான். தாய்க்கு முடியாதபோது தகப்பன்.

கணவர்: அவன் வயசுப் பசங்களுக்குக் கூச்சமில்லை. எனக்கு ஒரு சாக்கு வேணும்மா.

மனைவி: நம்ம சனத்துக்கே சாக்கு வேணும். உங்க அம்மா, பேன் பார்க்கிறேன் என்று பேத்தியைச் சாய்த்துக்கொள்வாங்க. தலையில் ஒரு பேன் இருக்காது. திருஷ்டி என்று கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாங்க. உங்களுக்கு எண்ணெய் இருக்கு. அடுத்து அவன் ஊருக்கு வருகிற சனிக்கிழமை தலையில் வையுங்க. பரபரவென்று தேய்க்காமல் அப்படியே கழுத்து, முதுகு என்று மெதுவாக வருடிவிடுங்க. அதற்கென்றே தோலில் ஒரு நரம்பு இருக்கு; நொடிக்கு 1லிருந்து 10 சென்டிமீட்டர் வேகம்தான் அதுக்குப் பிடிக்கும்.

கணவர்: சாயங்காலம் கோரிப்பாளையத்தில் பஸ் போகிற வேகம். தெரியும். நல்லெண்ணெய் இருக்கா?

மனைவி: இருக்கு. அவனுக்குத்தான் உச்சியில் முடி எல்லாம் கொட்டிப்போச்சு.

கணவர்: நல்லதாப் போச்சு. கூட்டமில்லாத ரூட்!