ஷாக் ட்ரீட்மெண்ட் வேறு, இது வேறு

மனச்சோர்வு உள்ளவர்களின் நினைவாற்றலைக் கூட்ட, மூளைக்குக் கொடுக்கும் மெல்லிய மின்தூண்டல் உதவுமா என்று அலசும் ஒரு கட்டுரையை அம்மாவிடம் காட்டினேன், "ஷாக் கொடுப்பார்களா?" என்று பயந்துவிட்டார். இது அது இல்லை. ஷாக் சிகிச்சையில் மயக்க மருந்து கொடுத்து வலிப்பை வரவழைப்பார்கள், கடுமையான மனச்சோர்வுக்கு அது நன்றாகவே கேட்கும், ஆனால் பலருக்கு நினைவு குழம்பும். இதிலோ 1 அல்லது 2 மில்லி ஆம்பியர்தான், உப்புநீரில் நனைத்த ஸ்பாஞ்சை நெற்றிப் பக்கம் வைத்து 20, 30 நிமிடம், ஆள் விழித்தே இருக்கலாம், தோல் கொஞ்சம் குறுகுறுக்கும், அவ்வளவுதான்.

என் அண்ணியை அழுகையைவிட மறதிதான் ஒடித்துப் போட்டது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீன்கடை முன்னால் நின்றுகொண்டு, என்ன வாங்க வந்தோம் என்று தெரியாமல் கண்கலங்குவார், வீட்டிலோ அதை அலட்சியம் என்றார்கள். சோர்வு குறைந்த பிறகும் பலருக்கு இந்த மறதி விடுவதில்லை, அதனால்தான் இப்படிப்பட்ட ஆய்வுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன.

அதற்காக அவசரப்படவும் வேண்டாம். 2017-ல் வெளியான பிரேசில் சோதனையில், மனச்சோர்வுக்கு இந்த மின்தூண்டல், அதற்கு வழக்கமாகக் கொடுக்கும் எசிடலோபிராம் மாத்திரைக்கு ஈடானது என்று நிறுவ முடியவில்லை. நினைவாற்றல் விஷயத்திலும் ஒரு ஆய்வு பலன் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது.

அப்புறம், இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் மாட்டிப் பார்க்காதீர்கள், சரியாகப் பொருத்தாவிட்டால் தோல் புண்ணாகிவிடும். பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனால் தூக்கம், பசியோடு மறதியையும் டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.