பதில் போடாதது ஆர்?

அமேசன் லிங்க்கைப் பகிர்ந்து, அதால ஆக்கள் சாமான் வாங்கினா வாற கொமிஷனுக்கு வேலை செய்யிற எங்கட டீமின்ர லீடர்மார் நேத்து இரவு குரூப்பில போட்ட அந்த லிஸ்ட்டைப் பற்றி ஒண்டும் கதைக்கிறேல்லை எண்டுதான் இருந்தனான். விடிய எழும்பி போனைத் திறந்தா அதுக்குக் கீழ கைதட்டுற ஸ்டிக்கரும் "நல்ல முடிவு அண்ணா" எண்ட வொய்ஸ் மெசேஜுமா நிறைஞ்சு கிடக்கு. இனிப் பேசாம இருக்க என்னால ஏலாது.

என்ன லிஸ்ட் எண்டு உங்களுக்குத் தெரியும். "ரெஸ்பொன்ஸ் இல்லாதவர்கள்" எண்டு தலைப்பு, கீழ வரிசையா பேர், ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலயும் சிவப்புப் புள்ளி. எல்லாரும் பாக்கிற குரூப்பில. அதில கொட்டாஞ்சேனையில இருக்கிற ஒரு அக்காவின்ர பேரும் இருக்கு. என்ர டீம். நான்தான் அவவைச் சேத்தனான்.

நான் கேக்கிறது ஒண்டே ஒண்டுதான். அவ பதில் போடேல்லை எண்டு சொல்றீங்கள், சரி. அவ கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் போட்டனீங்களோ?

காலமை கோல் எடுத்தனான். முதல் எடுக்கேல்லை, திரும்ப எடுக்கத்தான் எடுத்தா, குரல் அடைச்சுப் போய் இருந்தது. கதைச்சு முடிய ஒரு ஸ்க்ரீன்ஷொட் அனுப்பினா. ட்ரெய்னிங் குரூப்பில, நான் இல்லாத அந்தக் குரூப்பில, அவ கேட்டிருக்கிறா: "டொரன்டோவில இருக்கிற தங்கச்சி என்ர அமேசன் லிங்க்கால போய் பிரஷர் குக்கர் வாங்கினவ, ரிப்போர்ட்டில ஒண்டும் காட்டேல்லை, ஏன் எண்டு ஆராவது சொல்லுவீங்களோ." அதுக்குக் கீழ ஒரு ஆள் குட் மோர்னிங் பூப்படம் போட்டிருக்கிறார். அதுக்குக் கீழ அண்டைக்கு இரவு சூம் மீட்டிங் லிங்க். அவ்வளவுதான். ரெண்டு நாள் கழிச்சு "ப்ளீஸ் ஆராவது" எண்டு திரும்பக் கேட்டிருக்கிறா. அதையும் வாசிச்சிருக்கினம், ஒருத்தரும் பதில் போடேல்லை. அதுக்குப் பிறகு அவ அந்தக் குரூப்பில வாய் திறக்கேல்லை.

இப்ப சொல்லுங்கோ, பதில் போடாதது ஆர்?

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ரெண்டு நிமிஷம் காணும். எங்கட அக்கவுண்ட் அமெரிக்காவின்ர அமேசன் டொட் கொம்மில. டொரன்டோவில இருக்கிற ஆள் கனடாவின்ர அமேசன் டொட் சீஏக்குப் போய் வாங்கினா, அங்க தனியா ரெஜிஸ்டர் பண்ணி ரெண்டையும் இணைச்சிருந்தாத்தான் கணக்கில வரும், இல்லாட்டி வராது. அதோட லிங்க்கைத் தட்டி 24 மணித்தியாலத்துக்குள்ள சாமானைக் கார்ட்டில போடோணும். எல்லாத்தையும் விடப் பெரிய விஷயம், சொந்தக்காரரை, சிநேகிதரை உங்கட லிங்க்கால வாங்கச் சொல்லிக் கேக்கவே கூடாதெண்டு அமேசன்ர அக்ரிமெண்ட்டிலயே இருக்கு. ஆனா எங்கட முதல் வகுப்பிலயே என்ன சொல்லிக் குடுக்கினம்? "முதல் சொந்தக்காரருக்கு அனுப்புங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஆக்களைப் பிடியுங்கோ." அவ சொன்னதை அப்பிடியே செய்திருக்கிறா. காசு வரேல்லை. கேட்டா ஒருத்தரும் சொல்லேல்லை. தன்னை ஏமாத்திப் போட்டினம் எண்டு நினைச்சுக்கொண்டு, அதை வெளிய சொல்லவும் வெக்கப்பட்டு, சும்மா இருந்திருக்கிறா. அதுக்குத்தான் சிவப்புப் புள்ளி.

இதை வாசிச்சிட்டு "தங்கச்சி, 60 பேர் இருக்கிற டீமில ஒவ்வொருத்தரோடயும் தனித்தனியாக் கதைக்க ஏலுமோ" எண்டு கேப்பினம். 60 பேரோடயும் ஒரே நாளில கதைக்கச் சொல்லேல்லை. ஒரு நாளைக்கு மூண்டு பேர். அதுவும் "என்ன அக்கா ஆளைக் காணேல்லை, அக்டிவா இருங்கோ" எண்டு இல்லை, அதுக்கு ஆரும் என்ன பதில் சொல்றது? "போன கிழமை போட்ட பின்டரெஸ்ட் படத்துக்கு எத்தினை கிளிக் வந்தது" எண்டு கேளுங்கோ. "லிங்க் எங்க போட்டனீங்கள், காட்டுங்கோ" எண்டு கேளுங்கோ. குறிப்பாக் கேட்டாத்தான் ஆள் வாய் திறப்பா. போன மாசம் தெஹிவளைப் பக்கத்துத் தம்பி ஒருத்தனிட்ட இப்பிடிக் கேக்கத்தான் விஷயம் வெளிய வந்தது: ஒரே லிங்க்கை கண்ட கண்ட குரூப்பெல்லாம் கொப்பி பேஸ்ட் பண்ணச் சொல்லி எங்கட ஆக்களே சொல்ல, அவன்ர பேஸ்புக் அக்கவுண்ட்டில குரூப்பில போஸ்ட் போட ஏலாம தடை விழுந்திருக்கு. அவன் அதைச் சொல்லப் பயந்து ஒளிச்சுத் திரிஞ்சவன். அவனுக்கு மோட்டிவேஷன் வீடியோ அனுப்பி என்ன பிரயோசனம்?

இன்னொரு ஆளுக்கு அமேசன் அக்கவுண்ட்டையே மூடிப்போட்டாங்கள். 180 நாளைக்குள்ள மூண்டு விற்பனை வரேல்லை எண்டா மூடுவாங்கள், அது வழமை, திரும்ப அப்ளை பண்ணலாம். இங்கிலிஷில வந்த ஈமெயிலைப் பாத்து எல்லாம் முடிஞ்சுது எண்டு இருந்திட்டா. ஆர் அவவுக்குச் சொன்னது திரும்பப் போடலாம் எண்டு?

"இது பிசினஸ், தர்மஸ்தாபனம் இல்லை" எண்டும் ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பிசினஸ்தான். நானும் காசுக்குத்தான் செய்யிறன். வெள்ளவத்தையில வாடகை என்ன விலை எண்டு எனக்கும் தெரியும். ஆனா அந்த அக்கா ட்ரெய்னிங் பெக்கேஜுக்குக் காசு கட்டின அண்டைக்கு இது பிசினஸ் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, "நாங்கள் ஒரு குடும்பம்" எண்டுதான் சொன்னவை. காசு வாங்கேக்க குடும்பம், கேள்வி கேக்கேக்க பிசினஸோ?

உண்மையாவே வேலை செய்ய விருப்பமில்லாத ஆக்களும் இருக்கினம், அது எனக்குத் தெரியும். அவையை விடுங்கோ, அவை தாங்களாப் போவினம்.

ஒண்டு சொல்லோணும். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் கட் எண்டு அறிவிச்ச நேரம் நானும் இப்பிடிப் பதில் போடாத ஆளாத்தான் இருந்தனான். போன் சார்ஜ் இல்லை, வைஃபை இல்லை, சமையல் காஸுக்கு லைனில நிண்டு வந்து படுத்தா எழும்ப மனம் வராது. அப்ப டீமில எனக்கு மேல இருந்த அக்கா ஒரு நாளும் "ஏன் அக்டிவ் இல்லை" எண்டு கேக்கேல்லை. "உங்கட ரோட்டுக்கு கரண்ட் வெட்டுற எழுத்து என்ன" எண்டு மட்டும் கேட்டவ. ஏ, பீ எண்டு ஏரியாவுக்கு ஏரியா பிரிச்சு டைம்டேபிள் விடுறவை தானே, அதைப் பாத்து, கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில கோல் எடுப்பா. "இண்டைக்கு ஒரு படம் மட்டும் போடு, மிச்சத்தைப் பிறகு பாப்பம்." நான் இண்டைக்கும் இதில நிக்கிறன் எண்டா அவவாலதான். எந்த லிஸ்ட்டும் என்னை நிப்பாட்டி வைக்கேல்லை.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னா கனபேருக்குக் கோவம் வரும், வரட்டும். எங்கட வேலையை ஊருக்குள்ள ஆக்கள் "பிரமிட்" எண்டுதான் சொல்லினம், அதாவது சாமான் விக்காம புது ஆக்களைச் சேத்து அவையின்ர காசில ஓடுற திட்டம். வீட்டில மாமியில இருந்து பக்கத்து வீட்டு அங்கிள் வரைக்கும். இந்த நாட்டில வங்கிச் சட்டத்தில 83 சீ பிரிவு பிரமிட் திட்டங்களைத் தடை செய்து வச்சிருக்கு, மத்திய வங்கி திரும்பத் திரும்ப எச்சரிக்கை விடுகுது, கொழும்பில காசு குடுத்து ஏமாந்த குடும்பங்களைக் கேட்டா அழுவினம். நான் ஒவ்வொரு முறையும் "இல்லை, எங்கடது லிங்க்கால சாமான் வித்து வாற கொமிஷன்" எண்டு வாதாடுறன். ஆனா உங்களுக்கு அந்த அக்கா லிங்க்கால வித்தாலும் ஒண்டுதான் விக்காட்டியும் ஒண்டுதான், புதுசா ரெண்டு பேரைக் கொண்டு வந்தாப் போதும் எண்டா, நான் இவ்வளவு நாளும் ஆருக்காக வாதாடினனான்? அந்தப் பேர்களை ஒரு க்ஷணத்தில சிவப்பாக்கிப் போட்டீங்கள், அவையின்ர கேள்விக்கு மட்டும் நேரமில்லை. அதை நினைக்க நினைக்கத்தான் எனக்குத் தாங்கேல்லை. நான்தான் அவவின்ர வீட்டுக்குப் போய், பிளேன்டீ குடிச்சு, அவவின்ர மனுசனுக்கும் விளங்கப்படுத்தி, "பயப்படாதேங்கோ, நாங்கள் இருக்கிறம்" எண்டு சொன்னனான்.

அந்த லிஸ்ட்டை இண்டைக்கு இரவுக்குள்ள டிலீட் பண்ணுங்கோ. அக்கா கேட்ட கேள்விக்கு, அவ கேட்ட அதே குரூப்பில, சீனியர் ஆராவது ஒழுங்காப் பதில் எழுதுங்கோ. லிஸ்ட்டில பேர் இருந்த ஆக்கள் எந்த டீமா இருந்தாலும் பரவாயில்லை, எங்க நிண்டு போச்சுது எண்டு எனக்கு இன்பொக்ஸில சொல்லுங்கோ. இண்டைக்கு ஏழு மணிக்குப் பிறகு கோல் எடுக்கிறன்.